மூளை இருக்கு, உழைப்புதான் இல்லை

“பையனுக்கு மூளை இருக்கு, உழைப்புதான் இல்லை.” ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வரும் அப்பாக்களிடம் ஆசிரியர்கள் சொல்லும் இந்த வாக்கியம் யாரையும் புண்படுத்தாது. பெற்றோருக்குப் பிள்ளையின் அறிவு உறுதியாகிவிடுகிறது. ஆசிரியருக்குத் தாம் பாடம் நடத்தும் முறை பற்றிய கேள்வி எழாமல் போகிறது. பிள்ளைக்கோ, மதிப்பெண் எவ்வளவு சரிந்தாலும் சரியாத ஒரு சொத்து தன்னிடம் இருப்பதாகத் தெரிகிறது. மூவருக்கும் வசதியாக இருப்பதாலேயே அதன் பிறகு யாரும் எதையும் விசாரிப்பதில்லை. என் பள்ளிப் பருவம் முழுவதும் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே வாக்கியம், இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகளைப் பற்றியும் சொல்லப்பட்டிருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகள் நெருக்கமாக இருந்த ஒரு தெருவில் இருந்தது. வியாபாரியிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, கொலுசாகச் செய்து, மறுபடி எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குவது அப்பாவின் தொழில். வெள்ளியின் தரத்தை எங்கள் ஊரில் ‘டச்’ கணக்கில் சொல்வார்கள். நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் அது. 75 டச்சில் 640 கிராம் கொலுசு என்றால் அதில் சுத்த வெள்ளி 480 கிராம் என்பதைத் தாளும் பென்சிலும் இல்லாமல் சொல்லிவிடும் பையனாக நான் பட்டறைக்குள் வளர்ந்தேன். ஆகவே பள்ளியில் சதவீதக் கணக்கு வந்தபோது அது எனக்குப் பாடமாகவே தோன்றவில்லை. விடையை மட்டும் எழுதிவிட்டு, மீதி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிகள் எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது என்பது விடைத்தாள் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எழுதவில்லை, ஏனென்றால் எனக்கு அது தெரிந்த விஷயத்தைத் தெரியாதவனைப் போல நடித்துக் காட்டுவதாகப் பட்டது.

படிகளுக்கு மதிப்பெண் கொடுப்பது மடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். விடைத்தாள் திருத்துபவரால் மாணவனின் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. மேலும், கடைசி வரியில் கூட்டலில் தவறிய சாதாரண மாணவனைக் காப்பாற்றுவதும் அந்தப் படிகள்தான். ஆனால் இதன் எடை எவ்வளவு என்பதைப் பெற்றோர்கள் ஒருமுறையாவது கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் நூறு மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14 மட்டுமே. மீதமுள்ள 86 மதிப்பெண்ணும் எழுதிக் காட்ட வேண்டிய இரண்டு, ஐந்து, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. விடை தெரிந்த பிள்ளைக்கும் விடையை எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் உள்ள தூரம் இந்த 86க்குள்தான் இருக்கிறது.

இதற்கு விதை விழுவது ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ அல்ல, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும் தொடக்கப் பள்ளிக் காலத்தில் என்பது என் துணிபு. வகுப்பில் ஒருமுறை காதில் விழுந்ததே போதும் என்றிருக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்க வேண்டிய தேவை இல்லாமலே ஏழாம் வகுப்பு வரை முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுகிறது. அதே ஆண்டுகளில், ஒருமுறை கேட்டால் புரியாத பக்கத்து பெஞ்சுப் பையன், சொல்லிப் பார்ப்பது, எழுதிப் பார்ப்பது, மறந்ததை மறுபடி எடுப்பது, புரியாத இடத்தில் கூச்சப்படாமல் கையைத் தூக்குவது என்று ஒரு தொழிலையே கற்றுக்கொள்கிறான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு சமூக அறிவியலும் அறிவியலும் பக்கம் பக்கமாக விடை கேட்கத் தொடங்கும்போது அவனிடம் கருவிகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. அது புதிதாகச் சோம்பேறியானதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் உழைப்பது எப்படி என்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமும் அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னாளில் படித்தபோது, என் வீட்டுத் திண்ணையில் நடந்ததை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதைப் போலிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்தவுடன் ஒரு பிரிவினரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு பிரிவினரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்து எல்லோருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் திணற வைத்துவிட்டு, கடைசியில் முதலில் கொடுத்தவற்றைப் போன்ற எளியவற்றையே மறுபடி கொடுத்தபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவும், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் முன்பைவிடக் கூடுதலாகவும் செய்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது வேறொன்று: வேறொரு பள்ளி மாணவருக்குத் தன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள். பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவரிடம் கூட அந்தப் பட்டத்தை இழக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்த ஆய்வைக் கேள்விப்பட்ட பள்ளிகள் இப்போது சுவரெங்கும் ‘முயற்சி திருவினையாக்கும்’ என்ற குறளை ஒட்டிவிட்டு, பாராட்டுச் சொல்லை மாற்றினால் பிள்ளை மாறிவிடும் என்று நம்புவதைப் பார்க்கிறேன். அதற்கு அவ்வளவு பலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதே சிந்தனையை வைத்து அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பெரிய அளவில் நடத்தப்பட்டு 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த சோதனையில், பின்தங்கிய மாணவர்களின் சராசரி கிரேடு நான்கு புள்ளி அளவையில் 0.1 அளவுக்குத்தான் உயர்ந்தது. ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது, இதுவே மருந்து என்று கொண்டாடவும் முடியாது.

புத்திசாலிப் பட்டத்தைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அது படிக்காமல் இருப்பது. படித்துவிட்டு எழுபது வாங்கினால் நம் மூளையின் அளவு எழுபது என்று ஆகிவிடும். படிக்காமல் ஐம்பத்தைந்து வாங்கினால், படித்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கும். 1978இல் பெர்க்ளாஸ், ஜோன்ஸ் என்ற இருவர் இதையே சோதித்திருக்கிறார்கள். தாம் எப்படி வென்றோம் என்பதே புரியாமல் வென்ற ஆண் மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் திறனைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரையைத் தாமாகவே தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பேட்டையில் அதற்கு மாத்திரை தேவைப்படவில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மன் பண்டிகையும், வண்டிகளில் சாமி வேடம் கட்டி ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையும், பள்ளியின் இடைப்பருவத் தேர்வும் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. “பண்டிகையில எங்கடா படிக்க முடிஞ்சுது” என்று தேர்வறைக்கு வெளியே சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போவது, அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு கௌரவமாகவே இருந்தது. அப்படிச் சொன்ன சிலர் இரவு முழுக்கப் படித்துவிட்டு வந்தவர்கள் என்பது வேறு கதை.

உறவினர்கள் ஆறுதலுக்கு ராமானுஜனை இழுத்து வருவார்கள். பக்கத்து ஈரோட்டில் 1887இல் பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பிறகும், அந்நாளில் கல்லூரிப் படிப்பின் முதல் கட்டமாக இருந்த எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் அவர் தோற்றது உழைக்காததால் அல்ல. கணிதத்தில் மட்டும் இரவு பகலாக உழைத்து, நோட்டு நோட்டாக எழுதித் தள்ளியதால் மற்ற பாடங்களுக்கு நேரமும் மனமும் இல்லாமல் போனவர். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டு அறிவியல் நோட்டைத் திறக்காத பையனுக்கு அவரை உவமை சொல்வது, இருவருக்குமே நியாயமில்லை.

அப்படியானால் எனக்குப் பொறுமையே இல்லையா என்றால், அங்கேதான் அந்த வாக்கியம் முற்றிலும் பொய்யாகிறது. சனி, ஞாயிறுகளில் காலை முதல் மதியச் சாப்பாடு வரை பட்டறையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, கொலுசின் கண்ணிகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கிக் கோத்துக்கொண்டிருப்பேன். அது அலுப்பான வேலை. அறிவுக்குத் தீனி போடும் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் அலுக்கவில்லை. அதற்கான காரணங்களை இப்போது யோசித்தால் ஓரளவு புரிகிறது. தப்பாகக் கோத்தால் அடுத்த கண்ணி உட்காராது, ஆகவே பிழை அந்த நிமிடமே தெரிந்துவிடும். தெரிந்தவுடன் பிரித்து மறுபடி கோக்கலாம். பற்றவைக்கும்போது கெட்டுப்போனால் கூட வெள்ளி வீணாவதில்லை, உருக்கினால் மறுபடி வெள்ளிதான். மாலையில் தராசு சொல்லும் எடைதான் அன்றைய தீர்ப்பு. காலையில் வாங்கிய எடையும் மாலையில் நிற்கும் எடையும் சேதாரம் போக ஒத்துவர வேண்டும், வராவிட்டால் தரையைக் கூட்டித் தூசியைச் சலிக்க வேண்டும். அதில் கெட்டிக்காரன், மக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா ஒருநாளும் என்னைப் புத்திசாலி என்று பட்டறைக்குள் வைத்துச் சொன்னதில்லை. “இந்த இடம் ஒழுங்கா வரலை, பிரிச்சுப் போடு” என்பார், அவ்வளவுதான்.

பள்ளியிலோ ஒரு பாடத்தில் எங்கே சறுக்கினேன் என்பது தேர்வு முடிந்து வாரங்கள் கழித்து, சிவப்பு மையில் ஒரு எண்ணாக வரும். அதற்குள் அடுத்த பாடம் நடந்துகொண்டிருக்கும். பழையதைப் பிரித்துப் போட நேரமும் இருக்காது, கேட்பவரும் இருக்கமாட்டார். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் பட்டறை நடத்த முடியாது என்பதை நான் உணராமல் இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் மணிக்கணக்கில் உழைக்கிற பிள்ளையை இன்னோரிடத்தில் பார்த்துவிட்டு ‘உழைப்பில்லை’ என்று அதன் குணமாகவே எழுதிவிடும்போது, கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போய்விடுகிறது.

பத்தாம் வகுப்பில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்க்கச் சொல்லிப் பலர் அப்பாவிடம் வந்தார்கள். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம், அதற்குள்ளாகவே பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெயர் வாங்கியிருந்தது. பல இடங்களில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பணம் இல்லாததால் நான் போகவில்லை. போயிருந்தால் மதிப்பெண் நிச்சயமாகக் கூடியிருக்கும். அதிகாலையில் எழுப்பி, இரவு வரை கண்காணித்து, ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட் என்று வைத்துக்கொண்டே இருக்கும் ஓரிடத்தில் யாருக்கும் கூடும். ஆனால் அங்கே உழைப்பு என்பது கண்காணிப்பவரின் கையில் இருக்கிறதே தவிர, மாணவனின் கைக்கு வருவதில்லை என்பதை, அங்கிருந்து ஆயிரத்து நூறுக்கு மேல் வாங்கி வந்து முதல் ஆண்டிலேயே என்னோடு சேர்ந்து அரியர் வைத்த நண்பர்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

என்னைக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்போதிருந்த நுழைவுத்தேர்வு. 300க்குக் கணக்கிடப்பட்ட கட் ஆஃபில் 200 பொதுத்தேர்வுக்கும் 100 நுழைவுத்தேர்வுக்கும் உரியது. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற அந்தத் தேர்வில், பொதுத்தேர்வில் என்னைவிட வெகுவாக முந்தியிருந்தவர்களுக்கு இணையாக வந்தேன். 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து தமிழ்நாட்டில் அந்த நுழைவுத்தேர்வு இல்லை. கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளை அது தள்ளிவைத்தது என்ற வாதம் சரியானது, அதை எடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஒரே மாணவனை இரண்டு தேர்வுகள் இரண்டு விதமாகக் காட்டின என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

கல்லூரியின் முதல் செமஸ்டர் கணிதத்தில்தான், ஒருமுறை கேட்டுப் புரியாத ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்தேன். அறையில் உடன் தங்கியிருந்தவன் ஆத்தூர் பக்கத்து மரவள்ளி விவசாயி மகன். தன்னைப் புத்திசாலி என்று அவனும் நினைத்ததில்லை, வேறு யாரும் சொன்னதுமில்லை. தீர்த்துவைத்த கணக்கைப் படித்துப் பார்ப்பதோடு அவன் நிற்கமாட்டான். நோட்டை மூடிவைத்துவிட்டுத் தானாகப் போட்டுப் பார்ப்பான், சிக்கிய இடத்தை மட்டும் திறந்து பார்ப்பான், மறுநாள் அதையே மறுபடி மூடிவைத்துப் போடுவான். சிக்குவதைப் பற்றி அவனுக்கு வெட்கமே இல்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. படிப்பது என்றால் இன்னது என்று எனக்குத் தெரிந்தது அவனைப் பார்த்துத்தான். அதைச் சொல்லிக்கொடுக்க அவன் ஒரு வார்த்தையும் செலவழித்ததில்லை.

இப்போது அக்கா மகளுக்கு வருகிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் அவள், எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினாள். மனத்திறன் தாள் ஒன்று, பாடங்களிலிருந்து ஒன்று, ஒவ்வொன்றிலும் தொண்ணூறு வினா. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். அவள் பெயர் பட்டியலில் வந்தபோது வகுப்பாசிரியைக்கே நம்ப முடியவில்லையாம், ஏனென்றால் வகுப்பில் அவள் முதல் இருபது ரேங்க்குக்குள் வந்ததே இல்லை. இந்த உதவித்தொகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பத்தாம் வகுப்பில் பொதுவாக 60 விழுக்காடு எடுத்தால்தான் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தொடரும். விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் கண்டுபிடித்த பிள்ளையைப் பக்கம் பக்கமாக எழுதும் தேர்வால் சோதித்துத்தான் அரசு மேலே அனுப்புகிறது.

காலாண்டு விடைத்தாள்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தேன். மதிப்பெண்ணைப் பார்க்காமல், எந்த வினாவில் எத்தனை போயிருக்கிறது என்று மட்டும் பார்த்தோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் அநேகமாக எல்லாம் சரி. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் முதலில் எழுதிய நெடுவினாக்களுக்கு நல்ல மதிப்பெண். கடைசி இரண்டு விடைகள் பாதியில் நின்றிருந்தன, சில இடங்களில் வினா எண் மட்டும் போட்டு வெற்றிடமாக இருந்தது. வாயால் கேட்டால் அந்த விடைகளை முழுமையாகச் சொல்கிறாள். ஆக, தெரியாததாலும் அல்ல, படிக்காததாலும் அல்ல; கை மெதுவாக இருக்கிறது. இத்தனை ஆண்டாக ‘உழைப்பில்லை’ என்று எழுதப்பட்டதன் பின்னால் பெரும்பகுதி இதுதான் இருந்திருக்கிறது. எழுதுவதில் உள்ள இத்தகைய தடை சில பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பார்கள். அவளுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். “என் பொண்ணுக்கு என்னடா குறை” என்று அக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போவதைப் போலத்தான் இதுவும் என்று ஒப்புக்கொண்டாள். விடுதிப் பள்ளி விண்ணப்பம் ஒன்று அவள் பீரோவில் இருக்கிறது என்பதையும் நான் அறிவேன்.

வகுப்பாசிரியையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ரேங்க் கார்டில் குறிப்பு எழுதும் இடத்தில் அவளுடைய குணத்தைப் பற்றி எழுதுவதற்குப் பதிலாக, மதிப்பெண் போன வினாக்களின் எண்ணை எழுதித் தர முடியுமா என்று. ஐம்பது பிள்ளைகளுக்கு இப்படி எழுத முடியாது என்றாலும் இவளுக்கு எழுதுகிறேன் என்றார், எழுதவும் செய்கிறார். போன வாரம் வந்த தாளில் முடிக்காத விடை ஒன்றுதான். கணிதத்தில் மூன்று இடங்களில் ‘படிகள் இல்லை’ என்று இருந்தது. அதைக் காட்டியபோது, “விடை சரியா இருக்கில்ல மாமா, அப்புறம் என்ன?” என்று கேட்டாள். திருத்துபவர் உன் தலைக்குள் பார்க்க முடியாதே என்று நான் தொடங்கினால், “அப்ப என்.எம்.எம்.எஸ்.ல மட்டும் எப்படிப் பார்த்தாங்க?” என்கிறாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அறுபது விழுக்காட்டைச் சொல்லித்தான் இப்போதைக்கு எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன்.